ஹலால் தணிக்கையும் நான் ஒளிக்கச் சொன்ன பிரஷ்களும்

டெல்லியில் பத்து வருடம் குப்பை கொட்டிய தமிழனுக்கு ஒரு வியாதி வரும். சுற்றி நிற்கிற யாருக்கும் தமிழ் தெரியாது என்று நம்புகிற வியாதி. சரோஜினி நகர் மார்க்கெட்டில் கடைக்காரரின் முகத்துக்கு நேராகவே, "இந்த ஆளு ஏமாத்தறான், பாதி விலைக்குக் கேளு" என்று மனைவியிடம் சொல்வோம். மெட்ரோவில் எதிர் இருக்கைக்காரரின் தொப்பையைப் பற்றி, அந்தத் தொப்பையைப் பார்த்துக்கொண்டே பேசுவோம். டாக்டர் எதிரில் உட்கார்ந்துகொண்டு, இந்த டாக்டர் தேறுவாரா என்று விவாதிப்போம். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதனால்தான் வியாதி முற்றுகிறது.

எனக்கு அது நன்றாக முற்றியிருந்த சமயத்தில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு மேனேஜராகச் சேர்ந்தேன். வயது முப்பத்து நான்கு. மூன்று வருடத்தில் மூன்றாவது வேலை. முதல் கம்பெனியை மூடிவிட்டார்கள். இரண்டாவது கம்பெனி, என்னை வைத்திருந்தால் மூட வேண்டியிருக்கும் என்று பயந்து முன்கூட்டியே அனுப்பிவிட்டது. "இந்த வேலையிலயாவது வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருங்க" என்று என் மனைவி சுதா டிபன் பாக்ஸைக் கையில் கொடுக்கும்போதெல்லாம் சொல்வாள். துவாரகாவிலிருந்து இரண்டு மெட்ரோ மாறி, ஷேர் ஆட்டோவில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, வடக்கு டெல்லியின் தொழிற்பேட்டைக்குப் போய்ச் சேர ஒன்றே முக்கால் மணி நேரம். அந்த ஒன்றே முக்கால் மணி நேரமும் வாயை மூடிக்கொண்டுதான் இருப்பேன்.

முதலாளியை எல்லோரும் லாலாஜி என்றுதான் கூப்பிடுவார்கள். அறுபது வயது, வெள்ளை குர்தா, பூண்டு வெங்காயம்கூடச் சேர்க்காத மனிதர். ரஸ்க், நான்கட்டாய், அடுக்கடுக்காக உதிரும் காரி பிஸ்கட் எல்லாம் போடுவார். முட்டை என்ற சொல் தொழிற்சாலைக்குள் ஒலிக்கக் கூடாது. தினமும் காலையில் அடுப்பிலிருந்து இறங்கும் முதல் தட்டு பக்கத்துக் கோயிலுக்குப் போகும். அதற்குப் பிறகுதான் லாரிக்கு.

அவருக்கு மலேசியாவில் ஒரு பெரிய கடைக்காரரிடமிருந்து ஆர்டர் வருகிற மாதிரி இருந்தது. அவர்கள் ஹலால் கேட்டார்கள். நேர்முகத் தேர்வில் லாலாஜி என்னைக் கேட்ட ஒரே கேள்வி, "ஹலால் பற்றித் தெரியுமா?" என்பதுதான். "ஏ டு இசட் தெரியும் ஜி" என்றேன். (கடை போர்டுகளில் அந்த வார்த்தையைப் படித்திருக்கிறேன். அதுவும் வெளியே நின்று. நான் சைவம்.)

"ஆர்டர் வந்தால் நீ பெர்மனென்ட். வராவிட்டால் ஆறு மாதம் முடிந்ததும் ராம் ராம்" என்றார் லாலாஜி. பேச்சில் அவர் எப்போதும் சுருக்கம்.

வேலையில் சேர்ந்த பிறகு ஹலாலைப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்கத் தலை சுற்றியது. இது ஒரே சட்டம், உலகம் முழுக்க ஒரே முத்திரை என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வளைகுடாவுக்கு ஒரு பட்டியல், மலேசியாவுக்கு ஒன்று, இந்தோனேசியாவுக்கு வேறொன்று. நம் ஊரில் ஒரு தனியார் அமைப்பு கொடுக்கும் சான்றிதழை ஒரு நாடு கண்ணை மூடிக்கொண்டு ஏற்கும். பக்கத்து நாடு, அந்த அமைப்பு எங்கள் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்கும். வெனிலா எசன்ஸில் மிச்சமிருக்கும் ஆல்கஹாலை ஓர் இடத்தில் ஓர் அளவு வரை பொறுத்துக்கொள்வார்கள். இன்னோர் இடத்தில் அந்த ஆல்கஹால் எதிலிருந்து வந்தது, எந்தத் தொழிற்சாலையில் வந்தது என்று பூர்வோத்தரம் விசாரிப்பார்கள். நான் இதையெல்லாம் எக்செல்லில் போட்டு, நாட்டுக்கு ஒரு நிறம் கொடுத்தேன். நிறம் கொடுத்து முடித்ததும் எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி ஒரு திருப்தி வந்தது.

அதற்குப் பிறகு நானாகவே ஒரு சித்தாந்தத்துக்கு வந்து சேர்ந்தேன். ஹலால் என்பது இறைச்சிக்காரர்களின் கவலை. நாமோ சுத்த சைவம். பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறது. பச்சைப் புள்ளி இருக்கிற இடத்தில் ஹலால் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். லாலாஜியிடம் இதைச் சொன்னபோது அவர் மகிழ்ந்து எனக்கு ஒரு டப்பா காஜூ கத்லி கொடுத்தார்.

தணிக்கை நாள் வந்தது. வாங்கப் போகிற கடைக்காரர்களே கோலாலம்பூரிலிருந்து தங்கள் தணிக்கையாளரை அனுப்பியிருந்தார்கள். பெயர் ரொகானா. ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெளிர்நீல முக்காடு, தடித்த நோட்டு, காலில் சொந்தப் பாதுகாப்பு ஷூ. (நாங்கள் கொடுத்ததை வாங்கிப் பார்த்துவிட்டு நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.) 'புவான் ரொகானா' என்று அழைக்க வேண்டும், மலாயில் திருமதி என்று பொருள் என லாலாஜிக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். லாலாஜி அதை 'புவாஜி' ஆக்கி, அந்த அம்மாளைத் தன் அத்தை ஆக்கிவிட்டார். அவரும் சிரித்துக்கொண்டே அத்தையாக இருந்தார்.

முகத்தைப் பார்த்தால், திருச்சியிலிருந்து கிளம்புகிற எந்தப் பேருந்திலும் பக்கத்து இருக்கையில் வரக்கூடிய முகம்தான். மலேசியாவில் தமிழர்கள் இருப்பதும் எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. என் சித்தப்பா மகனே அங்கே இருக்கிறான். ஆனால் அவர் என்னிடம் ஆங்கிலத்தில் பேசினார், போனில் மலாயில் பேசினார். வழக்கு முடிந்தது என்று என் மூளை தீர்ப்பெழுதிவிட்டது.

எங்களோடு கூட வந்தவன் தேவராஜ். உற்பத்திக் கூடத்தின் சூப்பர்வைசர். விழுப்புரம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு டெல்லி வந்த குடும்பம். அவன் மட்டும் சிமென்டை விட்டு மைதாவுக்கு மாறியவன். அந்தத் தொழிற்சாலையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தோம்.

முதலில் சரக்கு அறை. உள்ளே நுழைந்ததுமே என் கண்ணில் பட்டுவிட்டது. அலமாரியில் இருக்கக் கூடாத ஒன்று இருந்தது.

"தேவா," என்றேன், முகத்தில் புன்னகை மாறாமல், "மூணாவது தட்டுல வெனிலா பாட்டில் ரெண்டு நிக்குது பாரு. பழைய சப்ளையர் சாம்பிள். அதுல ஆல்கஹால் இருக்கு. இந்தம்மா திரும்பறதுக்குள்ள அட்டைப்பெட்டிக்குப் பின்னால தள்ளிடு."

"இந்தம்மா இங்கதான் சார் பாக்குது."

"பாக்கட்டும்யா. நாம என்ன பேசறோம்னு அதுக்கு என்ன தெரியப்போவுது? சிரிச்ச மொகமா செய்யி, ஜல்தி."

தேவராஜ் சிரித்த முகமாகத் தள்ளினான். புவான் ரொகானா நோட்டில் ஏதோ எழுதினார். பிறகு அலமாரியைச் சற்று நேரம் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில், "அந்த அட்டைப்பெட்டியைக் கொஞ்சம் நகர்த்த முடியுமா?" என்று கேட்டார். அனுபவம் என்றால் இதுதான் என்று நான் மனதுக்குள் வியந்தேன்.

அடுத்தது, மாவும் கொழுப்பும் பிரியாமல் இருக்கச் சேர்க்கும் பவுடர் மூட்டைகள். அந்தப் பவுடரைத் தாவர எண்ணெயிலிருந்தும் செய்யலாம், மிருகக் கொழுப்பிலிருந்தும் செய்யலாம். எங்களுடையது எது என்பதற்கு சப்ளையரிடமிருந்து கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்தை நான் வாங்க மறந்திருந்தேன்.

"கேட்டா சப்ளையர் ஆபீஸ் இன்னிக்கு லீவுன்னு சொல்லிடலாம்" என்று தேவராஜிடம் சொன்னேன்.

"இன்னிக்கு புதன்கெழம சார்."

"மலேசியாவுல ஒக்காந்துக்கிட்டு நம்ம ஊர் லீவெல்லாம் யாரு பாக்கப்போறா?"

புவான் ரொகானா மூட்டையைத் திருப்பிப் படித்தார். "இதற்குக் கடிதம் இருக்கிறதா? இல்லை என்றால் பரவாயில்லை, புதன்கிழமைதானே, சப்ளையரை இப்போதே போனில் பிடித்துவிடலாம்" என்றார். தற்செயல்களில் எனக்கு அன்று வரை நம்பிக்கை உண்டு.

மதியச் சாப்பாட்டுக்கு லாலாஜி வீட்டிலிருந்தே எல்லாம் வந்தது. பூரி, ராஜ்மா, பூசணிக்காய் சப்ஜி, கீர் என்கிற பால் பாயசம். எனக்கு அப்போது ஒரு திட்டம் தோன்றியது. பாயசத்தைப் பரிமாறிக்கொண்டிருந்த தேவராஜிடம், "இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து. சாப்பிட்டுத் தூங்கிடட்டும். ஆமை மாதிரி ஊர்ந்து ஊர்ந்து பாக்குது. அரைத்தூக்கத்துல கையெழுத்து வாங்கிடலாம். சும்மா தலையை ஆட்டுதே தவிர அதுக்கு ஒண்ணும் தெரியல" என்றேன்.

புவான் ரொகானா கிண்ணத்தின் மேல் கையை வைத்து மூடினார். "வேண்டாம் சார். இன்னும் சாப்பிட்டால் தூங்கிவிடுவேன். பிறகு கையெழுத்து யார் போடுவது?" என்றார். நான் பலமாகச் சிரித்தேன். லாலாஜியும் சிரித்தார். தேவராஜ் மட்டும் சிரிக்கவில்லை. கரண்டியைப் பிடித்தபடி என்னையே பார்த்தான். அவனுக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது. என் மூளையை விட அவன் மூளை எப்போதும் ஒரு நிலையம் முன்னால் போகும்.

பிற்பகல் உற்பத்திக் கூடம். காரி பிஸ்கட் அடுப்புக்குள் போகும் முன், மேலே மினுமினுப்புக்காகப் பால் தடவுவார்கள். பெயின்ட் பிரஷ் போலவே இருக்கும் மர பிரஷ். அன்று அதற்கெல்லாம் ஓய்வு கொடுத்து ஒரு வாளியில் போட்டிருந்தார்கள். பழசாகி, கலைந்து, வழுக்கை விழுந்த பிரஷ்கள். நாலு நாளைக்கு ஒரு தரம் பிஸ்கட்டில் முடி வந்ததாகப் புகார் வரும். அந்த முடி இதிலிருந்துதான். எனக்கு மானம் போனது. அசிங்கமாக இருக்கிறதே என்பதுதான் என் கவலை. அதைத் தாண்டி அந்த பிரஷ்களைப் பற்றி எனக்கு வேறு எந்தக் கவலையும் வரவில்லை என்பதைச் சத்தியம் செய்து சொல்கிறேன்.

"தேவா, அந்த வாளி."

"சார், வேணாம் சார்." அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது. "கொஞ்சம் பேசாம வாங்க சார்."

"என்னய்யா வேணாம்? பிரஷ்ஷெல்லாம் பிச்சைக்காரன் தாடி மாதிரி இருக்கு. இந்தம்மா பாத்தா மானம் போயிடும். எடுத்து ட்ரம்முக்குப் பின்னால ஒளிச்சு வை."

அவன் அசையவில்லை. புவான் ரொகானா அசைந்தார். அன்று காலையிலிருந்து ஊர்ந்துகொண்டிருந்தவர், இப்போது மட்டும் நேராக நடந்து போய் அந்த வாளியிலிருந்து ஒரு பிரஷ்ஷை எடுத்தார். ஒரு முடியைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நுனி இரண்டாகப் பிளந்திருந்தது. "தீ வேண்டும். வெளியே போகலாம்" என்றார்.

தேவராஜ் பழக்க தோஷத்தில் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து நீட்டினான். (உற்பத்திக் கூடத்துக்குள் தீப்பெட்டி கொண்டுவரத் தடை. அதுவும் நோட்டில் ஏறியது.)

வெளியே வராந்தாவில் நாங்கள் நான்கு பேரும் வட்டமாக நின்றோம். அவர் முடியைக் கொளுத்தினார். நைலானாக இருந்தால் உருகி, சின்ன உருண்டையாகி, பிளாஸ்டிக் நாற்றம் அடிக்கும் என்று ஒரு வகுப்பாசிரியை போல விளக்கினார். இது உருகவில்லை. சுருண்டு, கருகி, தூளாக உதிர்ந்தது. முடி பொசுங்குகிற நாற்றம் வராந்தா முழுக்கப் பரவியது.

"இது என்ன, சங்கர்ஜி?" என்று லாலாஜி என்னைக் கேட்டார்.

"மிருக முடி" என்று புவான் ரொகானா பதில் சொன்னார். "எந்த மிருகம் என்று ஆய்வகத்தில்தான் உறுதியாகச் சொல்ல முடியும். ஆனால் இந்த மாதிரி பிரஷ்கள் பெரும்பாலும் பன்றி முடியில் செய்வது. வந்த பெட்டி இருக்கிறதா?"

பெட்டி இருந்தது. அதன் மேல் ஆங்கிலத்தில், அசல் பன்றி முடி என்பதைத் தொழில்முறைச் சொல்லில் பெருமையாக அச்சடித்திருந்தார்கள். ஒளிவு மறைவே இல்லை. பக்கத்தில் ஒரு கையெழுத்து. சரக்கு வந்தபோது சரிபார்த்து ஏற்றுக்கொண்ட தரக்கட்டுப்பாட்டு மேனேஜரின் கையெழுத்து. என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று பள்ளியில் பரிசு வாங்கியிருக்கிறேன்.

லாலாஜி வராந்தாவில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். "தினமும் முதல் தட்டு..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் கோயில் இருந்த திசையைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. எத்தனை வருடமாக அந்த பிரஷ் வாங்குகிறார்களோ, எனக்குத் தெரியாது. நான் வந்து நான்கு மாதம்தான். ஆனால் அந்த நான்கு மாதத்துக்கு நான் பொறுப்பு. சைவம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவன், தடவுகிற பிரஷ்ஷைத் திருப்பிப் பார்த்ததில்லை. எனக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

அவரை எப்படிச் சமாதானப்படுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. புவான் ரொகானாவுக்குத் தெரிந்தது. பக்கத்தில் போய் நின்று, "எங்கள் முறையில் இதற்கு வழி இருக்கிறது ஐயா. பால் தடவின தட்டு, மேசை, எல்லாவற்றையும் ஏழு தடவை கழுவ வேண்டும். அதில் ஒரு தடவை சுத்தமான மண் கரைத்த நீரில்" என்றார்.

"ஏழு போதுமா?" என்று கேட்டார் லாலாஜி.

மாலை ஐந்து மணிக்கு இறுதிக் கூட்டம். அவர் நோட்டைத் திறந்து குறைகளை வாசித்தார். மூன்றாவது தட்டில் இரண்டு வெனிலா பாட்டில், தணிக்கையின்போது அட்டைப்பெட்டிக்குப் பின்னால் தள்ளப்பட்டது. பவுடருக்குக் கடிதம் இல்லை, விடுமுறை என்று சொல்ல உத்தேசம். பிரஷ் வாளி, ட்ரம்முக்குப் பின்னால் ஒளித்து வைக்க உத்தரவு. வரிசை எனக்கு எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. நானே வாய்விட்டுச் சொன்ன வரிசை. காது இரண்டும் சூடாகிக்கொண்டே வந்தது. எதிரில் தேவராஜ் மேசையின் மர ரேகைகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

வாசித்து முடித்து நோட்டை மூடிவிட்டு லாலாஜியிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "உங்கள் மேனேஜர் இன்று எனக்குப் பெரிய உதவி செய்தார். பிரச்சினை இருக்கிற இடத்துக்கெல்லாம் அவரே வழிகாட்டினார்."

லாலாஜி என்னைப் பார்த்தார். அது பாராட்டா, துரோகப் பட்டமா என்று அவருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நான் பினாங்குக்காரி. எங்க அத்தா நாகூர் பக்கம். வீட்டுல எல்லாம் தமிழ்தான் லா" என்றார், மலேசியத் தமிழர்கள் பேச்சின் வாலில் ஒட்டுகிற 'லா'வோடு.

நான் எழுந்து நின்றேன். எதற்கு எழுந்தேன் என்று இன்று வரை தெரியாது. "மேடம், நான்... அந்த ஆமைன்னு சொன்னது..."

"ஆமையா இருந்தா என்ன? வந்து சேர்ந்துட்டேன்ல?" என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "நீங்க ஒளிக்கச் சொல்லலன்னா எனக்கு ரெண்டு நாளு வேலை. அந்த வாளியை நான் பாத்திருக்கவே மாட்டேன். பெரியவரு பாவம், கோயிலுக்கெல்லாம் குடுத்துருக்காரு. ஹலாலுக்கு இல்லாட்டியும் அவருக்காவது நீங்க பாத்துருக்கணும் தம்பி."

வேறு யாரும் என்னை அவ்வளவு மெதுவாக அடித்ததில்லை. "தப்புதான் மேடம்" என்றேன். லாலாஜி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "புவாஜி மதராஸியா?" என்று கேட்டார். தேவராஜ்தான் தலையாட்டினான்.

ஆர்டர் அந்தத் தடவை வரவில்லை. வேறு நாட்டுக்காரர் யாரோ முந்திக்கொண்டார்கள் என்று கேள்வி. பிரஷ்களை லாலாஜி தன் கையாலேயே அள்ளிக் குப்பையில் போட்டார். தட்டுகளையும் மேசைகளையும் ஏழு தடவை கழுவியபோது வாளியோடு கூடவே நின்று எண்ணினார். என்னை அனுப்பிவிடவில்லை, நிரந்தரமும் ஆக்கவில்லை. "இன்னும் ஆறு மாதம் பார்க்கிறேன். நீ ஒளிக்க நினைப்பதெல்லாம் முதலில் என்னிடம் வரட்டும்" என்றார். அது இன்று வரை எங்கள் தொழிற்சாலையின் தரக்கொள்கையாக இருக்கிறது. அடுத்த வருடம் சான்றிதழ் கிடைத்தது. அப்போது வந்த தணிக்கையாளரிடம் நான் ஆங்கிலத்தைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. தும்மினால்கூட மன்னிக்கவும் என்று ஆங்கிலத்தில்தான் சொன்னேன்.

தணிக்கை நாளன்று வீட்டுக்குப் போய் சுதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆமை வரை சொல்லிவிட்டேன். "நல்லவேளை, நம்ம வீட்டுக்குள்ள அந்த மாதிரி முடியெல்லாம் வராது" என்றும் அடித்துச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எழுந்து குளியலறைக்குப் போய் என் ஷேவிங் பிரஷ்ஷை எடுத்து வந்தாள். அவள் அப்பா கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுத்தது, வெளிநாட்டுச் சரக்கு, அதுவரை ஒன்பது வருடமாகத் தினமும் முகத்தில் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முடியைப் பிடுங்கி காஸ் அடுப்பில் காட்டினாள். உருகவில்லை. துவாரகா அபார்ட்மென்ட்டில் எங்கள் மூன்றாவது மாடி முழுக்க வராந்தா நாற்றம் அடித்தது. அப்போது நான்கு வயதான எங்கள் மகள் நிலா அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றாள்.

நிலாவுக்கு இப்போது பதின்மூன்று வயது. தமிழ் படிக்க வராது, பேச்சிலும் பாதி இந்தி. ஆனால் நான் எதையாவது அடித்துச் சொன்னால் எங்கள் வீட்டில் தீ தேடுவார்கள் என்பது மட்டும் அவள் மனதில் பதிந்துவிட்டது. போன மாதம் மாமனாரும் மாமியாரும் லக்ஷ்மிபாய் நகரிலிருந்து சாப்பிட வந்திருந்தார்கள். நான் சாம்பாரைப் பிசைந்தபடி, "இந்த வருஷம் எனக்கு புரமோஷன் நிச்சயம் மாமா, லாலாஜி பேச்சுலயே தெரியுது" என்றேன். நிலா போனிலிருந்து தலையைத் தூக்காமல், "அம்மா, மாச்சிஸ் எங்க?" என்று இந்திப் பெயரில் தீப்பெட்டியைக் கேட்டாள். சுதா ஏற்கனவே காஸ் லைட்டரோடு வந்து நின்றுகொண்டிருந்தாள். மாமனார் புரையேறிச் சிரித்தார்.

புரமோஷன் வரவில்லை.